நைட்டி தின்ற ஆடும் நாங்கள் இரண்டு பேரும்

போன மாதம் ஒரு காலை என் போனுக்கு ஒரு படம் வந்தது. கறுப்பு மையில் வரைந்த படம். பருமனான ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடி தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கையில் கரண்டி. வாய் நன்றாகத் திறந்திருக்கிறது. மொட்டை மாடியில் ஒரு ஆட்டைத் துரத்திக்கொண்டிருக்கிறார். ஆட்டின் கொம்பில் ஒரு நைட்டி.

"இது யாருங்க?" என்று கணவரிடம் போனை நீட்டினேன்.

அவர் புட்டும் கடலையும் பிசைவதை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"வேற யாரு? நீதான்."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, கவனியுங்கள். கண்ணாடி வேண்டும் என்று கேட்கவில்லை, பெரிதாக்கிக் காட்டச் சொல்லவில்லை. இத்தனை வருடம் குடும்பம் நடத்திய மனிதர் ஒரு மரியாதைக்காவது கொஞ்சம் தயங்கியிருக்கலாம்.

படம் வரைந்தவள் பெயர் மல்லிகா. நானும் அவளும் சேர்ந்து குழந்தைகளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் செய்துகொண்டிருந்தோம். கதை என்னுடையது, படம் அவளுடையது. அப்படித்தான் ஏற்பாடு. ஆனால் அந்தப் படத்தில் என் கதையைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது!

முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்கும். எனக்கும் கூட்டு வேலைக்கும் ஆகாது. கல்யாண வீட்டில் காய் நறுக்க நாலு பேர் வட்டமாக உட்கார்ந்தால், நான் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு மூலைக்குப் போய்விடுவேன். எழுத்தும் அப்படித்தான். நானே எழுதி, நானே திருத்தி, நானே அனுப்பி, வந்ததும் நானே படிப்பேன். பத்திரிகை ஆபீசில் தலைப்பை மட்டும் மாற்றுவார்கள். அதுதான் என் எழுத்து வாழ்க்கையில் இன்னொரு மனிதக் கை படுகிற ஒரே இடம்.

இது ஒரு குறையாக எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த மழை நாள் வரைக்கும்.

எங்கள் மட்டாஞ்சேரியில், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் பழைய சாமான் கடை ஒன்றின் மாடியில் சின்னதாக ஓவியக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. நான் கலை ரசிப்பதற்காகப் போகவில்லை. குடை எடுத்துப்போக மறந்திருந்தேன். ஏறிப் பார்த்தால் சுவர் முழுக்க ஆடுகள். படியில் படுத்திருக்கும் ஆடு, கைவண்டிக்கு அடியில் ஒதுங்கிய ஆடு, மிளகு கோடவுன் வாசலில் சாவகாசமாக அசை போடும் ஆடு...

மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு ஆடு ஒரு செய்தியே இல்லை. எங்கள் தெருக்களில் ஆடுகள் பகல் முழுக்கத் தாங்களாகவே சுற்றும். சாயங்காலம் தாங்களாகவே வீட்டுக்குப் போகும். நாங்கள் அவற்றைப் பார்ப்பதில்லை, விலகி நடப்போம். அவ்வளவுதான். அன்றைக்குச் சுவரில் பார்த்தபோதுதான், அட, இவர்களோடுதானே இத்தனை காலம் குடியிருக்கிறேன் என்று உறைத்தது.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "வாங்கறதுக்கா, மழைக்கா?"

நாற்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் மை. மழைக்கு என்றேன். சிரித்தாள். "பின்னே உட்காருங்க சேச்சி. இந்த மழை இப்ப விடாது."

விடவில்லை. சாயா வந்தது. பேச்சும் வந்தது. அவளுடைய அப்பா அம்மா கட்டட வேலைக்காகத் தேனிப் பக்கத்திலிருந்து இடக்கொச்சிக்கு வந்தவர்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், பிறகு ஓவியக் கல்லூரி. தமிழ் நன்றாகப் பேசுவாள். வாசிக்க வராது. "பஸ் போர்டு பார்த்தா கோயம்புத்தூர்னு தெரியும், அது போதும்" என்றாள்.

நான் எழுதுகிறவள் என்றதும் எழுந்து நின்றாள். அவளுடைய அம்மாவுக்கு யாரோ என் பத்தியைப் படித்துக் காட்டுவார்களாம். ஒரு எழுத்தாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? மழை விடும்போது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆட்டுக் கதைப் புத்தகம் செய்வது என்று முடிவாகியிருந்தது. யார் முதலில் சொன்னது? நீங்கள்தான் என்கிறாள் அவள். நீதான் என்கிறேன் நான். சொத்துத் தகராறில் எல்லோரும் இப்படிப் பேசினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கிளம்பும்போது அவள் ஒன்று சொன்னாள். முன்பு ஒரு எழுத்தாளரோடு புத்தகம் செய்ய ஆரம்பித்தாளாம். மரத்தைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளு, பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் சிரிப்பு வை என்று தினமும் போன் செய்வாராம். பாதியில் நிறுத்திவிட்டாளாம். பிறகு அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லையாம்.

"சரியாகலன்னா நான் நிறுத்திடுவேன் சேச்சி. முன்கூட்டியே சொல்லிடறேன்."

நானா? நான் அப்படியெல்லாம் செய்கிறவளா என்று பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

வீட்டுக்கு நனைந்துகொண்டேதான் வந்தேன். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. இந்த வயதில் இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை. மனதில் ஒன்று தோன்றுகிறது, உடனே போனை எடுத்து இன்னொருத்தியிடம் சொல்லலாம், அவளும் "அதே சேச்சி, அதே" என்பாள். இது எவ்வளவு பெரிய சுகம் என்று தனியாகவே காய் நறுக்கிப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். சென்னைப் பதிப்பாளர் ஒருவரிடம் சொன்னேன். முதலில் எட்டுப் பக்கம் அனுப்புங்கள், பார்க்கிறேன் என்றார். நான் எட்டு புத்தகத்துக்குத் தலைப்பே யோசித்துவிட்டேன்.

கணவரிடம் சொன்னேன். அவருக்கு பஜார் ரோட்டில் சுக்கு வியாபாரம். வாசலில் வைத்த சாக்கைக் கடித்துவிட்டுப் போகும் என்பதால் ஆடு என்றாலே அவருக்கு ஆகாது.

"உலகத்துல வேற மிருகமே கிடைக்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். புதுச் செருப்பு கடையில் போட்டுப் பார்க்கும்போது யாரையும் கடிப்பதில்லை. நாங்களும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தோம். அவள் எந்தப் படம் அனுப்பினாலும் "பிரமாதம்" என்றேன். நான் எதைச் சொன்னாலும் "சூப்பர் சேச்சி" என்றாள். இரண்டு பேரும் மாறி மாறிப் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது அப்போது தெரியவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டோம்.

அடுத்து ஒரு சிக்கல் வந்தது. கதையை நான் தமிழில் எழுதுகிறேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. என்ன செய்வது? வாசித்து வாய்ஸ் மெசேஜாக அனுப்பிவிடுங்கள், கேட்டுக்கொண்டே வரைகிறேன் என்றாள். சுலபமான வழிதானே? நானும் அனுப்ப ஆரம்பித்தேன்.

கதையை நான் சாதாரணமாக எழுதவில்லை. பல வருடங்களாகப் பத்தி எழுதி எழுதி, இலக்கியமாக ஒன்று செய்ய வேண்டும் என்று ஏங்கிக் கிடந்தவள் நான். கதை இப்படி ஆரம்பித்தது: 'அந்திச் செவ்வொளி படர்ந்த அங்காடி வீதியில், வெள்ளாடு ஒன்று தன் தனிமையைச் சுமந்தபடி மெல்ல நடந்தது.'

எப்படி? எழுதிவிட்டு நானே இரண்டு முறை தலையாட்டினேன்.

இதை வாசித்து அனுப்ப எனக்குக் கிடைத்த நேரம் காலைச் சமையல் நேரம். ஒரு கையில் காகிதம், ஒரு கையில் கரண்டி, போன் டப்பாக்கள் மேல். அங்காடி வீதி என்பேன், குக்கர் விசில் அடிக்கும். தனிமை என்பேன், கோடவுன் சாவி எங்கே என்று இவர் கேட்பார். மேஜை மேல இருக்கு, உங்க மூக்குக்கு நேரா இருக்கு என்பேன். மீன்காரர் வாசலில் கூவுவார். மத்தி என்ன விலை என்று இங்கிருந்தே கத்துவேன். ஒருநாள் நிஜமாகவே ஒரு ஆடு எங்கள் மாடிப்படி ஏறி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் நைட்டியின் கையைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. போனைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். ரெக்கார்டிங்கை நிறுத்தவேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், நடுவில் இருப்பதை வெட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. கதை எது, வீட்டுக் கூச்சல் எது என்று கேட்பவளுக்குப் புரியாதா என்ன?

அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் அந்தப் படம் வந்தது. அதன் பின்னாலேயே வரிசையாக மற்றவை. இடுப்பில் துண்டோடு சாவி தேடுகிற ஒரு மனிதர், சாவி அவர் மூக்குக்கு நேரே. மீன் கூடைக்குள் தலையை விட்ட ஆடு. அடுப்பில் குக்கர், அதன் ஆவிக்குள் மறைந்து நிற்கும் அதே பருமனான பெண்மணி. எட்டுப் பக்கமும் தயார். அந்திச் செவ்வொளியும் இல்லை, தனிமையும் இல்லை.

போன் செய்தேன். கதை எங்கே மல்லிகா என்று கேட்டேன். இதுதானே கதை என்றாள்.

"இது நான் சும்மா பேசினது."

"சேச்சி சும்மா பேசின இடத்துலதான் எனக்குப் படம் தெரிஞ்சுது. வாசிச்ச இடத்துல ஒண்ணும் தெரியல. திருப்பித் திருப்பிக் கேட்டாச்சு. தனிமையைச் சுமக்கற ஆட்டை எப்படி வரையறது?"

மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதியது. ஒவ்வொரு வார்த்தையாக எடை போட்டு வைத்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"தமிழ் வாசிக்கத் தெரிஞ்சிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

சொல்லி முடித்த உடனே தெரிந்துவிட்டது, சொல்லியிருக்கக்கூடாது என்று. பிறகு, "அது சரியாக்கும் சேச்சி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதன்பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. நிறுத்திவிடுவேன் என்று முன்கூட்டியே சொன்னவள் ஆயிற்றே, நிறுத்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். நிறுத்தட்டும், எனக்கென்ன, என் காயை நானே நறுக்கிக்கொள்கிறேன்... என்றுதான் வீட்டில் சொன்னேன். ஆனால் போன் சத்தம் கேட்டால் ஓடினேன். கேஸ் புக்கிங் மெசேஜுக்கெல்லாம் ஓடினேன். எழுத்து வேலையில் எனக்கு ஒரு துணை கிடைத்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவை. ஒரே ஒரு வாக்கியத்தில் அதைக் கெடுத்துக்கொண்டேன் என்ற வருத்தம் போகவில்லை.

வருத்தம் இருந்தால் என்ன, வீம்பும் கூடவே இருந்தது. கதை எது, பேச்சு எது என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்படிதான் நான் வாசித்திருக்கிறேன் என்பதை நிரூபிக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வாய்ஸ் மெசேஜ்களை நானே போட்டுக் கேட்டேன். கணவர் சோபாவில் பேப்பரை முகத்தில் மூடிப் படுத்திருந்தார்.

'அந்திச் செவ்வொளி படர்ந்த...'

ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருந்தது. எந்த வண்டி எந்த பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று சொல்லாததுதான் பாக்கி. யாரடி இந்த அம்மாள் என்று எனக்கே எரிச்சலாக வந்தது. அதற்கு நடுவில் ஒருத்தி "ஏய்... ஏய், அது என் நைட்டி, விடு சனியனே, காசு குடுத்து வாங்கினது" என்று கத்திக்கொண்டு ஓடுகிறாள். அவளை எனக்குத் தெரிந்தது. அவளைப் பார்க்கக்கூட முடிந்தது.

பேப்பருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"அந்த நைட்டி வர்ற இடத்தை இன்னொரு தடவை போடு."

போட்டேன். பேப்பர் குலுங்கியது. சிரித்து முடித்து, "அந்தி எல்லாம் வேண்டாம், இது போதும்" என்றார். சுக்கு வியாபாரியிடம் இலக்கிய விமர்சனம் கேட்க வேண்டிய நிலைமை. ஆனால் அவர் பேசியதில் தப்பு இல்லையே!

மறுநாள் இடக்கொச்சிக்கு பஸ் ஏறினேன். மல்லிகாவின் வீடு காயல் ஓரம், படகு பழுதுபார்க்கிற ஷெட்டைத் தாண்டி. என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை. வாங்க என்றாள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது தப்பு மல்லிகா, ரொம்பத் தப்பு என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். அவள் உள்ளே போய்ப் பால் விடாத கட்டன் சாயாவும் வேகவைத்த மரவள்ளிக் கப்பையும் கொண்டுவந்து வைத்தாள். மன்னித்தாளா இல்லையா? கப்பையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. யார் வந்தாலும் கொடுப்பாள்.

அறை முழுக்கக் கயிறு கட்டிப் படங்களைக் கிளிப்பில் தொங்கவிட்டிருந்தாள். எட்டுப் பக்கங்களும் அங்கே இருந்தன. பக்கத்தில் நின்று நிதானமாகப் பார்த்தேன். அந்தப் பருமனான பெண்மணி உயிரோடு இருந்தாள். துண்டுக்காரர் உயிரோடு இருந்தார். ஆடு மட்டும்... அழகாக இருந்தது. காதும் கண்ணும் அவ்வளவு அழகு. எனக்கு உறுத்தியது.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மன்னிப்புக் கேட்க வந்த இடம். இன்னும் மன்னிப்புக்கூடக் கிடைத்தபாடில்லை. இந்த நேரத்தில் யாராவது குறை சொல்வார்களா?

"மல்லிகா, உன் ஆட்டுக்குப் பசியே இல்லை."

அவள் கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்தாள்.

"நைட்டியைத் தின்னற ஆடு இப்படியா நிக்கும்? இது ஹோம்ஸ்டே ஆடு. போட்டோவுக்கு நிக்கற ஆடு" என்றேன். ஆரம்பித்த பிறகு எனக்கு நிறுத்தத் தெரியாது, வாசகர்களுக்கே தெரியும்.

இதோடு எல்லாம் முடிந்தது, அடுத்த பஸ் எப்போது என்று கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவள் படத்துக்குக் கிட்டே போனாள். தள்ளி நின்றாள். மறுபடி கிட்டே போனாள். வைப்பின் தீவில் ஒரு ஹோம்ஸ்டே சுவருக்கு ஆடு வரைந்து கொடுத்திருக்கிறாளாம். அவர்களுக்குப் பிடித்தது, அதற்குப் பிறகு கஃபேக்காரர்களுக்குப் பிடித்தது, கை அப்படியே பழகிவிட்டதாம். இதெல்லாம் பிறகு சொன்னது. அப்போது கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இத்தனை நாளா இதை ஏன் சேச்சி சொல்லல?"

"நீ வருத்தப்படுவியேன்னு."

"நானும் அதாக்கும். அந்த அந்தியும் தனிமையும் கேட்டப்பவே எனக்குத் தூக்கம் வந்துச்சு. சேச்சி பெரிய எழுத்தாளர், எப்படிச் சொல்றதுன்னு, அதை விட்டுட்டு மத்ததை வரைஞ்சேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் யார் சிரித்தது என்று இதற்கும் நினைவில்லை.

ஜூ டவுன் மாடியில் சாயா குடித்த அன்றைக்கு நாங்கள் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டோம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது அறிமுகம், அவ்வளவுதான். ஆரம்பித்தது இடக்கொச்சியில், ஆறிப்போன கப்பைக்கு முன்னால். நான் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு வாய்க்கு வந்ததைப் பேசினேன். அவள் எதிரில் குப்புறப் படுத்துக்கொண்டு வரைந்தாள். ஆட்டின் தாடை கோணலாகி, கழுத்து நீண்டு, கண்ணில் திருட்டுத்தனம் வந்தது. அந்த ஆடு கோடவுனில் சுக்கு மூட்டையைக் கடித்து, காரம் தாங்காமல் தும்முகிறது என்று ஒருத்தி சொன்னாள். தும்மலில் துண்டுக்காரரின் துண்டு பறக்கட்டும் என்று இன்னொருத்தி சொன்னாள். எது யார் சொன்னது? தெரியாது. தெரியாமல் போனதுதான் எனக்கு அன்று பெரிய சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடத்தில் நான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் சொந்தக்காரி நான் ஒருத்திதான். சொந்தம் கொண்டாட முடியாத ஒரு வரி இவ்வளவு இனிக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

காயலில் வெயில் இறங்கும்வரை அங்கேயே இருந்தேன். அந்திச் செவ்வொளி அன்றைக்கு நிஜமாகவே படர்ந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

புது எட்டுப் பக்கங்களைச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறோம். பதில் வரவில்லை. வரட்டும், வராமல் போகட்டும், ஒன்பதாவது பக்கம் நடந்துகொண்டிருக்கிறது. இடையில் மல்லிகா சில நாள் எங்கள் கோடவுன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆடுகளைப் பார்த்து வரைந்தாள். ஆட்டைக் கண்டால் கம்பை எடுக்கும் என் கணவர் அந்த நாட்களில் கம்பைத் தொடவில்லை. தினமும் சட்டை மட்டும் இஸ்திரி போட்டதாக இருந்தது. ஆனாலும் படத்தில் அவருக்குத் துண்டுதான். அவரிடம் இன்னும் காட்டவில்லை.

நேற்று மல்லிகாவிடமிருந்து நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ். எந்தப் பக்கத்துக்கு மஞ்சள் பூசுவது என்று கேட்பதற்காக அனுப்பியது. நடுவில் வேறு ஏதேதோ பேசினாள். வைப்பின் தீவுக்குப் போட்டில் போனாளாம். ஒரு ஆடு கூட்டத்தோடு கூட்டமாக ஏறி, யாரும் விரட்டாமல் அக்கரையில் மரியாதையாக இறங்கிப் போனதாம். அதன் பின்னாலேயே ஒருவர், ஆட்டுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தவர் போல, வழிவிட்டு நடந்தாராம்.

உட்கார்ந்து அதை அப்படியே எழுதினேன். இன்று காலை வாசித்து அனுப்பினேன். எங்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கம் அதுதான்.

உடனே பதில் வந்தது. "சேச்சி, அது நான் சும்மா பேசினதாச்சே!"

தெரியும் என்று டைப் செய்ய விரலை வைத்தேன். அவளுக்கு வாசிக்க வராதே என்று நினைவு வந்து, போனை வாயருகே கொண்டுபோய், "தெரியும்டீ" என்றேன். சரியாக அந்த நேரம் பார்த்து குக்கர் விசில் அடித்தது.

அதையும் வரைந்துவிடுவாள்.